அஞ்சு சேலை எதற்கு?

கேள்வி: ஒரு சிறுகதையைக் குறும்படமாக எடுக்கிறோம். கணவனை இழந்த சேலம் அம்மாப்பேட்டை நெசவாளிப் பெண், ஏற்காட்டில் எஸ்டேட் பங்களா ஒன்றில் சமையல் வேலைக்குச் சேர்ந்து சொந்தக் காலில் நிற்கிறாள். கதையில் உடை பற்றி ஒரு வரிகூட இல்லை. வெள்ளைச் சேலையில் ஆரம்பித்துச் சிவப்பில் முடித்தால் அவள் மனமாற்றம் புரியும், ஐந்து சேலை வாடகைக்கு எடுங்கள் என்கிறார் காஸ்ட்யூமர். சரிதானா?

பதில்: வாடகைக்கு விடுகிறவர் ஐந்து என்றுதான் சொல்வார். உங்களுக்கு ஒன்று போதும்.

தறி வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். அரை இருட்டு. தறியில் மட்டும் யாரோ ஒரு பெண்ணின் முகூர்த்தத்துக்கான வாடாமல்லிப் பட்டு மின்னும். அதை நெய்கிறவள் கட்டியிருப்பது, துவைத்துத் துவைத்து வெளுத்த அரக்கு நூல் சேலை. இருட்டோடு இருட்டாக அவள் இருப்பதே தெரியாது. அதே சேலையோடு அவளை ஏற்காட்டு மூடுபனியில், கேமராவுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். சில்வர் ஓக் மரம், பாதை, பங்களா எல்லாம் சாம்பலாகிவிடும். அந்தப் பழைய அரக்கு ஒன்றுதான் நிறமாக நிற்கும். கீழே கண்ணில் படாதவள் மேலே படுகிறாள். கேமராவில் வொயிட் பேலன்ஸை (வெளிச்சத்துக்குத் தக்கபடி நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை) மட்டும் ஆட்டோவில் விடாதீர்கள், ஷாட்டுக்கு ஷாட் நிறம் மாறும்.

சிவப்பென்றால் கோபம், பச்சையென்றால் செழிப்பு என்று பட்டியல் வைத்திருப்பவர்களை நம்பாதீர்கள். நிறத்துக்கு அர்த்தம் கொடுப்பது இடம்தான். ஒரே விதிவிலக்கு வெள்ளை. அது அர்த்தத்தோடுதான் வரும், அதுவும் ஒன்றல்ல. அம்மாப்பேட்டையில் வெள்ளைச் சேலை என்றால் கைம்பெண். அதே வெள்ளை வேட்டியானால் மாப்பிள்ளை. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. கான்வென்ட் பள்ளிகள் உள்ள ஏற்காட்டில் கட்டினால் சிஸ்டர் என்று நினைப்பார்கள். போதாததற்குப் பனியில் வெள்ளை கரைந்து முகம் மட்டும் மிதக்கும். பேய்ப்படமா எடுக்கிறீர்கள்?

காஸ்ட்யூமரையாவது சமாளித்துவிடலாம், லொகேஷன் தரகரிடம் ஜாக்கிரதை. ஏரிக்கரையையும் வியூ பாயிண்ட்டையும் காட்டி, "பர்மிஷன் எல்லாம் நம்ம பொறுப்பு சார்" என்பார். வனக்காவலர் வந்து நிற்கும்போது போனை எடுக்க மாட்டார். எனக்கே நடந்திருக்கிறது. அது போகட்டும், ஏரிக்கரையில் நின்றால் உங்கள் சமையல்காரி டூரிஸ்ட் மாதிரி இருப்பாள். தனியார் எஸ்டேட் என்றால் முதலாளியிடம் நேரில் கையெழுத்து வாங்குங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறைக்கு நீங்களே மனுக் கொடுங்கள். ஒரு மனு நாலு மேஜை ஏறி இறங்கும்வரை இந்தத் தரகர்கள் பிழைக்கத்தான் செய்வார்கள், என்ன பண்ண!

அப்புறம் ஒரு சோதனை. படம் எடுக்கப்போகும் அதே இடத்தில், அதே நேரத்தில் சேலையைத் தொங்கவிட்டு, போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் வண்ணத்தில் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் வந்தது. அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படங்களில் சிவப்பும் பச்சையும் திரையில் ஒரே சாம்பலாகிவிடலாம். அதனால் என்ன நிறம் என்பதைவிட, அது எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்பதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. காப்பிச் செடிகளுக்கு நடுவே உங்கள் அரக்கும் அப்படிக் கலந்துபோனால், காட்சியைப் பாதைக்கு மாற்றுங்கள். சேலையை மாற்ற வேண்டாம்.

வாடகைக் காசில் ஒரே மாதிரி இரண்டு நூல் சேலை வாங்கிவிடலாம், மலையில் மழை வந்தால் மாற்று வேண்டுமே. நாலைந்து தடவை கல்லில் அடித்துத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். இரண்டையும் சேர்த்தே துவையுங்கள். ஒன்று மட்டும் கூடுதலாக வெளுத்துவிட்டால் எடிட்டரிடம் திட்டு வாங்குவீர்கள்.