1,500 ரூபாய்க்கு ‘ஸ்பீடு ஏற்றி’த் தருகிறார்களாம்

கேள்வி: போன வருடம் ரைசன் 5 5600 ப்ராசசர், பி550 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு போட்டு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். கூலர், ப்ராசசர் பெட்டியோடு வந்ததுதான். கேம் ஆடுவேன், கொஞ்சம் வீடியோ எடிட்டிங்கும் உண்டு. ஒரு கடையில் 1,500 ரூபாய் கொடுத்தால் ஓவர்கிளாக் செய்து (கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஏற்றி) 4.7 ஜிகாஹெர்ட்ஸில் ஓடவிட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். அங்கேயே ஒரு மெஷினில் ஓட்டியும் காட்டினார்கள். செய்யலாமா? வாரன்ட்டி போய்விடுமா? (திருச்சி வாசகர்)

பதில்: அந்த 1,500 ரூபாய் உங்களிடமே இருக்கட்டும். முதலில், வழக்கமாக ஆடும் கேமை அரைமணி நேரம் ஆடிவிட்டு, கேமை மூடாமலேயே டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) எத்தனை சதவீதம் காட்டுகிறது என்று பாருங்கள். 1650 கார்டில் புது கேம்கள் பெரும்பாலும் அதை 97, 98-க்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். அப்படியானால் கார்டுதான் மூச்சு வாங்குகிறது; ப்ராசசர் சும்மா காத்துக்கொண்டிருக்கிறது. காத்திருப்பவனுக்கு வேகம் ஏற்றி என்ன பிரயோஜனம்?

அதே டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் ‘ஸ்பீடு’ என்று ஒரு எண் இருக்கும். ரேம் வாங்கியபோது பெட்டியில் 3200 என்று போட்டிருந்து, இங்கே 2400 அல்லது 2666 என்று காட்டினால், அசெம்பிள் செய்தவர் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் திறக்கும் அடிப்படை செட்டிங் பக்கம்) எக்ஸ்எம்பி-யை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் செட்டிங்கை, ஆன் செய்ய மறந்துவிட்டார் என்று அர்த்தம். நான் பார்த்த மெஷின்களில் இது அடிக்கடி நடக்கிற கூத்து. 3200 வரைக்கும் 5600 ப்ராசசருக்கு அதிகாரப்பூர்வமாகவே அனுமதி உண்டு. ஒரு நிமிட வேலை, செலவு இல்லை.

இப்போது அந்த 4.7-க்கு வருவோம். 5600 தானாகவே 4.4 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஏறி இறங்கும். அதற்கு மேல் எல்லா கோர்களையும் (ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) ஒரே வேகத்தில் பிடித்து நிறுத்த வோல்டேஜைக் கூட்டியாக வேண்டும். வேகம் கூடினால் சூடு அதே விகிதத்தில் கூடும். வோல்டேஜ் கூடினால் அதன் வர்க்கத்தில் கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 4.2-இலிருந்து 4.6 ஜிகாஹெர்ட்ஸ், 1.20-இலிருந்து 1.35 வோல்ட். வேகம் சுமார் 10 சதவீதம்தான் கூடுகிறது, சூடோ 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் போகிறது. பெட்டியோடு வந்த அந்தக் குட்டி கூலர் இதைத் தாங்காது.

கடையில் ஓடியதே என்பீர்கள். ஏசி ஓடியிருக்குமே! அறையில் 12 டிகிரி கூடினால் ப்ராசசரிலும் ஏறக்குறைய 12 டிகிரி கூடும். 24 டிகிரி கடையில் 82 காட்டிய மெஷின், கத்திரி வெயிலில் உங்கள் மாடி அறையில் 90-ஐ முட்டும். 5600-க்கு 90தான் எல்லை. அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் மத்தியானத்தில் காணாமல் போய்விடும்.

சூட்டைவிட நான் பயப்படுவது வோல்டேஜுக்கு. சூடு எல்லை மீறினால் ப்ராசசர் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும். அதிக வோல்டேஜ் கறையான் மாதிரி. மாதக்கணக்கில் அரித்த பிறகுதான் தெரியும். இதில் ஒரு ஏமாற்றுக் காட்சியும் உண்டு. சும்மா இருக்கும்போது இந்த ப்ராசசர் கண நேரம் 1.4 வோல்ட்டைத் தாண்டிக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு ‘கம்பெனியே 1.4 கொடுக்கிறான்’ என்று பயாஸில் 1.4-ஐ நிரந்தரமாகப் போடுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு கோர் லேசான வேலையில் கண நேரம் தொடும் எண் அது. ஆறு கோர்களும் முழு பாரத்தில் நாள் முழுக்க நிற்க அது உகந்ததல்ல. நானாக இருந்தால் நிரந்தர வோல்டேஜில் 1.3-ஐத் தாண்ட மாட்டேன்.

வீடியோ எடிட்டிங்குக்காகவாவது செய்தே தீருவேன் என்றால், சுமார் 2,000 ரூபாயில் 120 மிமீ ஃபேன் உள்ள டவர் கூலர் ஒன்று வாங்குங்கள். கூலருக்கும் ப்ராசசருக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் பட்டாணி அளவு போதும். அப்புறம் பயாஸில் பிபிஓ-வை (ரைசன் தயாரிக்கும் ஏஎம்டி தரும், தானாக வேகம் ஏற்றும் வசதி) ஆன் செய்து, அதற்குள் இருக்கும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லா கோர்களுக்கும் நெகட்டிவ் 10 கொடுங்கள். வோல்டேஜைக் குறைத்து அதனாலேயே வேகம் பெறும் வழி இது: சூடு குறையும், மிச்சமாகும் இடத்தில் ப்ராசசர் தானே இன்னும் மேலே ஏறும். நிலையாக ஓடினால் நெகட்டிவ் 15, அப்புறம் 20. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். பழைய எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

விண்டோஸ் திறந்துவிட்டது என்பதற்காக நிலையாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை மென்பொருளில் 10 நிமிடம் ஓட்டிக் காட்டுவதும் போதாது. முழு பாரம் ஏற்றிச் சோதிக்கும் ஓசிசிடி அல்லது பிரைம்95-ஐ ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், பக்கத்தில் சூட்டையும் வோல்டேஜையும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ திறந்திருக்கட்டும். ரேமைத் தொட்டிருந்தால் ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்86. கர்வ் ஆப்டிமைசருக்கு ஒரு விசித்திர குணம் உண்டு: முழு பாரத்தில் கம்மென்று ஓடும், பாட்டு கேட்கும்போதோ சும்மா இருக்கும்போதோ பட்டென்று ரீஸ்டார்ட் ஆகும். அதனால் இரண்டு மூன்று நாள் சாதாரணமாகப் பயன்படுத்திவிட்டு, விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் ‘டபிள்யூ.எச்.இ.ஏ-லாகர்’ என்ற பெயரில் பிழை ஏதும் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அந்த நெகட்டிவ் எண்ணில் 5 பின்வாங்குங்கள்.

சோதனைக்கு முன் ஃபைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிடுங்கள். நான் ஒருமுறை ரேமை அதிகம் முறுக்கிவிட்டு, குடும்பக் கல்யாண வீடியோ ஒன்றைக் காப்பி செய்தேன். ஒரு எரர் கூட வரவில்லை, தாலி கட்டும் இடம் மட்டும் பச்சைக் கட்டம் கட்டமாக நின்றது.

மெஷின் திறக்கவே இல்லையென்றால் பதறாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி மாட்டினால் பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும்.

வாரன்ட்டி: ஓவர்கிளாக் செய்ததால் வந்த சேதத்துக்கு ஏஎம்டி பொறுப்பேற்காது. பிபிஓ-வும் அதில் சேர்த்திதான். கடைக்காரர் ‘நான் பார்த்துக்கறேன்’ என்றால், அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கேள்வி: ‘ஓவர்கிளாக்கிங் ரெடி’ என்று சொல்லி ஐ5-12400எஃப், பி660 போர்டு போட்ட பிசியை விற்றார்கள். பயாஸில் வேகத்தை மாற்றவே முடியவில்லை. எனக்குத் தெரியவில்லையா, போர்டில் கோளாறா? (சேலம் வாசகர்)

பதில்: இரண்டும் இல்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இன்டெலில் வழக்கமாகப் பெயரில் எண்ணுக்கு அடுத்து ‘கே’ எழுத்து உள்ள ப்ராசசரும் ‘இசட்’ வரிசை போர்டும் சேர்ந்தால்தான் வேகத்தை உயர்த்த வழி. உங்களிடம் இரண்டுமே இல்லை. ரேம் வேகத்தை மட்டும் கூட்டலாம். விளம்பரத்தையோ வாட்ஸ்அப் செய்தியையோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்ச ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஐ7-13700கே மலிவாகக் கிடைக்கிறது. ‘ஓவர்கிளாக் செய்ததே இல்லை’ என்கிறார் விற்பவர். நம்பலாமா? (கோவை வாசகர்)

பதில்: அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். இந்தத் தலைமுறையில் அது மட்டும் போதாது. 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் சில, யாரும் கை வைக்காமலேயே அதிக வோல்டேஜ் கேட்டு வாங்கித் தேய்ந்துபோனதை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டது. அந்த ஆகஸ்டில் பயாஸ் வழியாகத் திருத்தம் வந்தது. தேய்ந்தது தேய்ந்ததுதான், திருத்தம் அதைச் சரிசெய்யாது. தனிப் பெட்டியில் விற்ற ப்ராசசர்களுக்கு வாரன்ட்டியை இரண்டு வருடம் நீட்டி ஐந்தாக்கினார்கள்.

ஆகவே ஒரிஜினல் பில்லும் பெட்டியும் இருந்தால் மட்டும் பேசுங்கள். சீரியல் எண்ணை இன்டெல் தளத்தில் போட்டு வாரன்ட்டி மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் வீட்டிலேயே புது பயாஸில் பெரிய கேம் ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். 8 ஜிபி, 12 ஜிபி கார்டு இருந்தும் ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று பிழை வந்தால் கார்டைக் குறை சொல்வார்; தேய்ந்தது ப்ராசசராகவே இருக்கலாம். டீ கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.