இரண்டு புத்தகமும் ஒரு தொப்பியும்

அன்புள்ள அண்ணா,

உவர்மலையில் இருக்கிறேன், கச்சேரியில் (அரச அலுவலகத்தில்) வேலை. சின்ன வயதில் கடலைச் சரையைக்கூட விரித்து வாசிப்பேன். இப்போது போன் நிறைய பிடிஎஃப், ஒன்றையும் முடிப்பதில்லை. எழுதவும் ஆசை. நிறைய வாசித்த பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போகிறது. என்ன செய்யலாம்?

வாசகி, திருகோணமலை

அன்புள்ள தங்கச்சி,

பிடிஎஃபைத் திட்ட மாட்டேன். 'நூலகம்' தளம் இல்லாவிட்டால் ஈழத்துப் பழைய புத்தகங்கள் பலவற்றை நானும் கண்டிருக்க மாட்டேன்.

எங்கள் மூதூர்க் கரையில், கொட்டியாரத்தில், 1660இல் தகப்பனோடு பிடிபட்ட ஆங்கிலேய மாலுமி ரொபேர்ட் நொக்ஸைத் தெரிந்திருக்கும். கண்டி அரசனின் ஆட்கள் தகப்பனையும் மகனையும் உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். கையில் இருந்தது இரண்டே இரண்டு சமயப் புத்தகங்கள். அடுத்த வருஷம் தகப்பன் காய்ச்சலில் போய்விட்டார். மகன் அந்த இரண்டையும் திரும்பத் திரும்ப வாசித்து ஏறக்குறையப் பாடமாக்கிவிட்டார். அப்புறம் ஒருநாள் மீன் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கிழவர் புத்தகம் ஒன்றை விற்கக் கொண்டுவந்தார். பிரித்தால், ஆங்கில பைபிள்! இருந்த காசு முழுவதையும் கொடுக்கத் துணிந்துவிட்டார் நொக்ஸ். கூட நின்ற வேலைக்காரப் பொடியன்தான் தடுத்து, ஒரு பின்னல் தொப்பிக்குப் பேரம் முடித்தான். எனக்கு நொக்ஸைவிட அந்தப் பொடியனைத்தான் பிடிக்கும். (நொக்ஸ் பின்னாளில் அடிமை வியாபாரத்திலும் இறங்கியவர்.)

அந்தப் பசி உங்களுக்கும் வரவேண்டும் என்றால், முன்பு பிடித்த ஒரு புத்தகத்தை எடுத்து மறுபடி வாசியுங்கள். புதிதாக எதையும் இப்போதைக்கு இறக்க வேண்டாம். பிடித்த பக்கத்தைக் கொப்பியில் கையால் பார்த்தெழுதுங்கள். நான் இன்றைக்கும் செய்கிற வேலை இது. கண் சர்ரென்று தாண்டிப்போன இடத்தில் பேனை நிற்கும். நாலு வரி நீண்ட வசனத்துக்குப் பிறகு ஏன் இரண்டு சொல்லில் ஒரு வசனம் வருகிறது, சாவைச் சொல்லும் இடத்தில் ஏன் ஒரு அடைமொழியும் இல்லை என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும். அதில் ஒரு கள்ளச் சந்தோஷம் உண்டு, அடுத்தவர் சமையலறைக்குள் எட்டிப் பார்ப்பதுபோல.

எழுதுவதற்கு நிறைய வாசித்திருக்க வேண்டும் என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. நொக்ஸ் 1679இல் தப்பி, ஊர் திரும்பும் கப்பலிலேயே எழுதத் தொடங்கினார். 1681இல், இலங்கையைப் பற்றிய அவருடைய புத்தகம் வந்துவிட்டது. நெல் விதைப்பையும், மழைக்குத் தாளிப்பனை ஓலை பிடித்துப் போவதையும் கண்டபடி எழுதினார். உங்கள் மேசைக்கு நாள் முழுக்க ஆட்கள் வருகிறார்கள். இன்றைக்கு வந்தவர்களில் ஒருவர் படிவத்தை எப்படிப் பிடித்திருந்தார், கையெழுத்துப் போடும் முன் யாரைப் பார்த்தார்? அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள், வாசிக்கிறேன்.