கார் கூலன்ட் அளவை எப்படிப் பார்ப்பது? குறைந்தால் வெறும் தண்ணீர் ஊற்றலாமா?

கூலன்ட் என்பது எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவம். காலையில், வண்டியை ஸ்டார்ட் பண்ண முதல் அதன் அளவைப் பாருங்கள். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் போத்தலில் F, L என்றோ FULL, LOW என்றோ இரண்டு கோடு இருக்கும். மட்டம் இரண்டுக்கும் நடுவில் நின்றால் போதும். ஓடிவந்த சூட்டில் மட்டம் ஏறியிருக்கும் என்பதால் அப்போது பார்ப்பது கணக்கில்லை.

தண்ணீர் விஷயத்துக்கு என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு நிலாவெளியில், கடலுக்குக் கிட்ட. கிணற்றுத் தண்ணீர் உவர். அம்மா தேத்தண்ணிக்குச் சுடவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படை கட்டும். அந்தத் தண்ணீரைத்தான் இரண்டு வருடமாகக் காருக்கும் ஊற்றினேன். குறைந்தால் ஒரு கப். எங்கே போகிறது என்று ஒருநாளும் தேடவில்லை.

ஒருநாள் அக்கா குடும்பத்தோடு கண்டிக்குப் போகும்போது, கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கத்துக் காட்டுப் பாதையில் சிவப்பு விளக்கு எரிந்தது. (பல சின்ன ஜப்பான் கார்களில் வெப்ப முள் இல்லை, எஞ்சின் குளிராக இருந்தால் நீல விளக்கு, சூடு மிஞ்சினால் சிவப்பு, அவ்வளவுதான்.) மத்தியான வெயில், யானை நடமாடும் இடம், பின் சீட்டில் பிள்ளைகள். அத்தான் இறங்கி, துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். கொதிநீர் பீறிட்டு அவருடைய கை முழங்கை வரை வெந்துபோனது. தழும்பு இன்னும் இருக்கிறது.

அந்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதற்கென்றே செய்தது. அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருப்பது அந்த அழுத்தத்தின் அளவு. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் அந்த அழுத்தத்தில் 120 டிகிரி செல்சியஸ் தாண்டினாலும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்த நொடியில் அழுத்தம் போய், எல்லாம் ஒரே தரத்தில் கொதித்து வெளியே பாயும். துணி காப்பாற்றாது. எஞ்சினை நிறுத்திவிட்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டால் சுடாத வரைக்கும் காத்திருங்கள். ஒரு மணித்தியாலம் போனாலும் போகட்டும்.

பிறகு கராஜில் ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தபோது, துருத் தண்ணீரோடு எங்கள் கேத்தலில் பார்த்த அதே வெள்ளைப் பொருக்கு கொட்டியது. பாதிக் குழாய்கள் அடைத்துப்போயிருந்தன.

எங்கள் நாட்டில் உறைபனி இல்லை, கூலன்ட் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். உறையாமல் தடுப்பது மட்டுமில்லை, கொதிநிலையை உயர்த்துவதும், அலுமினியத்தையும் இரும்பையும் அரிக்கவிடாமல் காப்பதும் அதே கூலன்ட்தான். கடற்கரை ஊரில் கிணற்றுத் தண்ணீர் உப்பையும் சுண்ணாம்பையும் சேர்த்து உள்ளே கொண்டுபோகிறது. நடுவழியில் வேறு வழியில்லாவிட்டால் குடிக்கிற போத்தல் தண்ணீரை ஊற்றி வீடு வந்து சேருங்கள். பிறகு முழுதாக மாற்றிவிடுங்கள். கூலன்டை நிறம் பார்த்து வாங்கவேண்டாம், ஒரே நிறத்தில் வேறு வேறு வகை இருக்கிறது. வண்டியின் கையேட்டில் சொன்ன வகைதான் வேண்டும். ஏற்கெனவே கலந்து வருவதென்றால் அப்படியே ஊற்றலாம். கலக்க வேண்டியதென்றால் டிஸ்டில்ட் வோட்டர் மட்டும்.

மட்டம் திரும்பத் திரும்ப இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. வோட்டர் பம்புக்குக் கீழே காய்ந்த வெள்ளை, ரோஸ் கறை இருக்கிறதா, ஹோஸ் கிளிப் ஈரமா, காருக்குள் காலடிக் கம்பளம் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். எனக்குப் பம்புதான். ஒயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால்போலக் கலங்கியிருந்தால் ஹெட் கஸ்கெட் (எஞ்சினின் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் நடுவில் ஒழுகாமல் அடைக்கும் தகடு) பழுதோ என்று சந்தேகம், அன்றைக்கே கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

போத்தல் மட்டும் நிறைந்திருப்பதை நம்பிவிடவும் வேண்டாம். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் பழுதானால் போத்தலில் இருப்பது ரேடியேட்டருக்குத் திரும்பாது. மாதம் ஒருக்கா, வண்டி முழுதாக ஆறியபிறகு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து கழுத்துவரை நிற்கிறதா என்று பாருங்கள். அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் என்றால் இன்வேர்ட்டருக்கு (பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் பகுதி) இன்னொரு கூலன்ட் போத்தலும் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

கீழே சிந்தினால் உடனே தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கோல் இனிக்கும். நாயும் பூனையும் நக்கினால் செத்துப்போகும், சின்னப் பிள்ளைகளுக்கும் அது நஞ்சு. நான் மிச்சத்தைப் பூட்டுள்ள அலுமாரியில் வைக்கிறேன், சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பதேயில்லை.