எலோயீஸ் கேட்ட 42 கேள்விகள்

ஐரோப்பாவின் இடைக்கால, மறுமலர்ச்சிக் காலப் பெண் சிந்தனையாளர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: தத்துவ வரலாற்றைப் புரட்டினால் அபேலார், அக்வினாஸ், ஓக்கம் என்று ஆண்கள் பெயராகவே இருக்கிறது. பெண்கள் எதுவும் எழுதவில்லையா? (ஒரு வாசகி, கும்பகோணம்)

எழுதியிருக்கிறார்கள். நாம்தான் வேறு அலமாரியில் தேடிக்கொண்டிருக்கிறோம். 13ஆம் நூற்றாண்டில் பாரிஸிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் தத்துவம் என்றால் பல்கலைக்கழகப் பாடம். ஒரு வினா, அதற்கு எதிர்வாதங்கள், கடைசியில் ஆசிரியரின் தீர்வு என்று எழுதுவதுதான் முறை. அந்த வகுப்பில் பெண்ணுக்கு இடமில்லை. அதனால் அவர்கள் கடிதமாக, உரையாடலாக, தரிசனமாக எழுதினார்கள். ஜெர்மானிய மடத்தலைவி ஹில்டெகார்ட் 1141இல் தொடங்கிப் பத்து ஆண்டுகளில் முடித்த நூலில் 26 தரிசனங்கள் உள்ளன. ‘நான் படிக்காதவள், வானத்துக் குரல் சொன்னதை எழுதுகிறேன்’ என்ற பாணியில் அவர் பேசுவதை வெறும் தன்னடக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். போதிக்க உரிமையற்ற ஒரு பெண்ணுக்கு அதுதான் அனுமதிச் சீட்டு. அந்த முகப்பைத் தாண்டி உள்ளே போனால் பிரபஞ்சம், உடல், ஆன்மா பற்றிக் கோவையான சிந்தனை இருக்கிறது.

கேள்வி: எலோயீஸ் என்றாலே அபேலாருடனான காதல் கதைதான் சொல்கிறார்கள். அவரைத் தத்துவவாதி என்று சொல்லலாமா? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

தாராளமாக. அபேலார் 12ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் தத்துவ ஆசிரியர், எலோயீஸ் அவருடைய மாணவி; காதலித்து மணந்து, பின் இருவரும் துறவு பூண்டார்கள். அந்தக் காதல் கதைதான் அவரை மறைத்துக்கொண்டு நிற்கிறது. 1130களின் தொடக்கத்தில், பிரான்ஸில் பாரக்லீட் மடத்தின் தலைவியாக இருந்தபோது அபேலாருக்கு அவர் எழுதிய முதல் கடிதத்தை வாதமாகப் படித்துப் பாருங்கள். ‘மிகுந்த குற்றம் உடையவள் நான், ஆனாலும் முற்றிலும் குற்றமற்றவள்’ என்கிறார். புலம்பல் மாதிரித் தெரியும், ஆனால் அடுத்த வரியிலேயே காரணம் வருகிறது. குற்றம் இருப்பது செயலின் விளைவில் இல்லை, செய்தவரின் மனநிலையில் இருக்கிறது என்கிறார்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்த பிறகு அவர் யாரையும் விடுவதில்லை. பணத்துக்காகப் பணக்காரனை மணக்கிறவள் தன்னை விற்கிறாள்; அவளுக்குக் கூலிதான் கொடுக்க வேண்டும், அன்பு அல்ல. உலகையே ஆளும் அகஸ்டஸ் வந்து மணக்கக் கேட்டாலும் அவனுக்குப் பேரரசியாவதைவிட உன் ஆசைநாயகி என்ற பெயரே எனக்கு இனிது என்ற புகழ்பெற்ற வரி இந்த இடத்தில்தான் வருகிறது. அதைத் தனியே பிய்த்துக் காதல் வாழ்த்து அட்டையில் போடுகிறவர்கள் முன்னால் இருக்கும் வாதத்தை விட்டுவிடுகிறார்கள்.

பிறகு அதே அளவுகோலைத் தன் மேலேயே வைக்கிறார். நான் துறவு பூண்டது கடவுளுக்காக அல்ல, நீ சொன்னதற்காக. ஆகவே கடவுளிடமிருந்து எனக்கு எந்தக் கைம்மாறும் வர நியாயமில்லை என்கிறார். ஊர் என்னைக் கற்புள்ளவள் என்று புகழ்கிறது, என் உள்ளத்தை அறியாததால் என்று அடுத்த கடிதத்தில் சேர்க்கிறார். தனக்குச் சாதகமான இடத்தில் மட்டும் கொள்கை பேசுகிறவர் இப்படி எழுதமாட்டார்.

‘இதெல்லாம் அபேலார் சொல்லிக்கொடுத்ததுதானே’ என்று ஒரு பேச்சு உண்டு. நோக்கமே அறத்தை நிர்ணயிக்கிறது என்று வாதிடும் அபேலாரின் ஒழுக்கவியல் நூல் 1130களின் இறுதியைச் சேர்ந்தது. கடிதம் அதற்கு முந்தியது. யாரிடமிருந்து யார் எடுத்தார் என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு இருவரும் பேசியிருக்கிறார்கள் என்பதே நியாயமான முடிவு.

பின்னால் மடத்துப் பெண்கள் வேதநூல் வாசிக்கும்போது தடுக்கிய இடங்களைத் தொகுத்து 42 கேள்விகளாக அபேலாருக்கு அனுப்பினார். ரோமில் மார்செல்லா என்ற பெண், வேதநூலை லத்தீனில் பெயர்த்த புனித எரோணிமுஸைக் கேள்வி கேட்டே துளைத்ததை முகப்புக் கடிதத்தில் நினைவூட்டுகிறார். ‘எரோணிமுஸ் பதில் சொன்னார், நீங்களும் சொல்லுங்கள்’ என்பது உட்பொருள். 42ஆவது கேள்வி இது: ஆண்டவர் அனுமதித்ததை, கட்டளையிட்டதையே செய்யும்போதும் ஒருவர் பாவம் செய்ய முடியுமா? முதல் கடிதத்தில் எழுந்த அதே கேள்வி, வேறு உடையில்.

கேள்வி: மேற்கோள் தேடி ‘எலோயீஸின் 6ஆம் கடிதம்’ எடுத்தால் அபேலார் எழுதியது வருகிறது. எது தவறு? (ஒரு ஆய்வு மாணவி, சென்னை)

இரண்டும் சரி, எண்ணும் முறைதான் வேறு. அபேலாரின் தன்வரலாற்றை 1ஆம் கடிதமாகக் கொள்ளும் பதிப்புகளில் எலோயீஸின் கடிதங்கள் 2, 4, 6. தன்வரலாற்றைத் தனியே வைக்கும் பதிப்புகளில் அவையே 1, 3, 5. மேற்கோள் காட்டும்போது எந்தப் பதிப்பு என்று எழுதிவிடுங்கள்.

தேடிய அந்த 6ஆம் கடிதத்தை முழுதாகப் படிக்கவும், பலர் தாண்டிவிடுகிறார்கள். புனித ஆசீர்வாதப்பரின் (பெனடிக்ட்) மட ஒழுங்கு ஆண்களுக்காக எழுதப்பட்டது. பெண்கள் எப்படி அனுசரிப்பது என்று கேட்கிறார். ஒழுங்கில் சொன்ன கால்சட்டை பெண்ணுக்கு எதற்கு? மாதவிலக்கு நாளில் உடலோடு ஒட்டிக் கம்பளி எப்படி அணிவது? மடத்தலைவர் விருந்தினரோடு உண்ண வேண்டும் என்றால், மடத்தலைவி ஆண் விருந்தினரோடு உட்காரலாமா? கன்னியர் எங்கே அறுவடைக்குப் போனார்கள்? விதி என்பது யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களின் உடலையும் சேர்த்தே எழுதப்படுகிறது என்பதைத் துணிமணியிலிருந்து காட்டிவிடுகிறார்.

கேள்வி: இசோட்டா நோகரோலா ஏவாளைக் காப்பாற்றப் போய், பெண் பலவீனமானவள் என்று ஒப்புக்கொண்டுவிட்டாரே? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

ஒப்புக்கொண்டார்தான். அதை மழுப்ப வேண்டியதில்லை. இசோட்டா இத்தாலிய அறிஞர்; 1451இல் வெரோனாவில், வெனிஸ் அனுப்பிய ஆளுநர் ஃபொஸ்காரினியோடு அவர் நடத்திய லத்தீன் வாதம் அது. பாவத்தில் பெரியது ஆதாமுடையதா, ஏவாளுடையதா? இசோட்டாவின் படிகள்: அறிவும் உறுதியும் எங்கே குறைவோ அங்கே குற்றமும் குறைவு, கனியைத் தின்னாதே என்ற கட்டளை ஆதாமுக்கே கொடுக்கப்பட்டது, ‘மண்ணுக்குத் திரும்புவாய்’ என்ற தண்டனையும் அவனிடமே சொல்லப்பட்டது.

எதிராளி மறுக்க முடியாத முன்கூற்றை எடுத்து, அவருக்கு வேண்டாத முடிவுக்குக் கொண்டுபோவது தர்க்கத்தில் பழைய உத்தி. ஏவாள் பலவீனமானவள் என்றால் குற்றம் குறைகிறது. அவள் குறையற்றவள் என்றால் ஆணுக்குத் தாழ்ந்தவள் என்ற பேச்சு போகிறது. ஆனால் இந்த உத்திக்கு விலை உண்டு. குற்றத்திலிருந்து ஏவாள் தப்பினாலும் சமத்துவம் கைக்கு வருவதில்லை. 1405இலேயே பிரான்ஸில் எழுத்தாளர் கிறிஸ்டீன் த பிசான் வேறு வழியில் போயிருந்தார்: சிறுமிகளையும் சிறுவர்களைப் போலப் பள்ளிக்கு அனுப்பிச் சொல்லிக்கொடுத்தால் அதே அளவு கற்பார்கள் என்று பலவீனம் என்ற முன்கூற்றையே கேள்விக்குள்ளாக்கினார். வாதத்தில் இசோட்டாவுடையது நுட்பமானது. எங்கள் கணக்கில் கிறிஸ்டீனுடையதே உறுதியானது.

கேள்வி: எரிக்கப்பட்ட மார்கரீத் பொரேத்தின் நூல் எப்படித் தப்பியது? (ஒரு வாசகி, கண்டி)

பெயரில்லாமல்தான் தப்பியது. கடவுள்மேல் உள்ள அன்பில் ஆன்மா கரைவதைப் பற்றி பொரேத் எழுதிய ‘எளிய ஆன்மாக்களின் கண்ணாடி’தான் அந்த நூல். இன்றைய வட பிரான்ஸின் வலென்சியென் நகரில் ஆயரின் ஆணைப்படி அது முதலில் எரிக்கப்பட்டது. பொரேத் அதைப் பரப்புவதை நிறுத்தவில்லை. பாரிஸில் சிறை வைத்தார்கள். விசாரணை அதிகாரி முன் சத்தியப்பிரமாணம் எடுக்கவோ பதில் சொல்லவோ கடைசிவரை மறுத்தார். 21 இறையியலாளர்கள் நூலிலிருந்து பிரித்தெடுத்த வாசகங்களைப் பதிதம், அதாவது திருச்சபைப் போதனைக்கு மாறானவை, என்று தீர்த்தார்கள். 1310 ஜூன் 1 அன்று கிரேவ் சதுக்கத்தில் அவரை எரித்தார்கள்.

ஆனால் பிரதிகள் மடங்களுக்குள் போய்விட்டிருந்தன. லத்தீன், இத்தாலியம், ஆங்கிலம் என்று பெயர்க்கப்பட்டு, எழுதியவர் யாரென்று தெரியாமலே பக்தி நூலாகப் படிக்கப்பட்டது. 1946இல் ரோமானா குவார்னியேரி என்ற இத்தாலிய ஆய்வாளர் முடிச்சை அவிழ்த்தார். வழக்கு ஆவணத்தில் கண்டிக்கப்பட்ட வாசகங்கள் சில அப்படியே பதிவாகியிருந்தன: அன்பில் தன்னை அழித்துக்கொண்ட ஆன்மா நற்பண்புகளிடம் விடைபெறுகிறது, இனி அவற்றுக்கு அடிமையில்லை என்பது அதில் முதலாவது. அதே வாசகம் பெயரற்ற நூலிலும் இருந்தது.

படிக்கிறவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள், விசாரித்தவர்களைப் போலவே. நற்பண்பை விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை. அன்பு முற்றியபின் நற்பண்புகள் கட்டளையிட வேண்டியதில்லை, தாமாகவே உடன் வரும் என்கிறார். உரையாடலாக அமைந்த அந்த நூலில் அன்பும் ஆன்மாவும் பேசுகின்றன. பகுத்தறிவு என்ற பாத்திரம் கேள்வி கேட்டுக் கேட்டு, பதிலைத் தாங்க முடியாமல் நடுவிலேயே செத்துப்போகிறது. எந்த வரியை யார் பேசுகிறார் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு படியுங்கள். இல்லாவிட்டால் பகுத்தறிவின் பயத்தை ஆசிரியரின் கருத்தாக எடுத்துக்கொள்வீர்கள்.