எல்லாக் கணினியும் 0, 1 தானா?

கேள்வி: கணினி என்றாலே 0, 1 என்கிறார்களே, ஆரம்பத்திலிருந்தே அப்படித்தானா?

பதில்: இல்லை! 1946-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினி, சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கண்ணாடிக் குழாய்கள்) கொண்ட அந்த ராட்சதன், நம்மைப் போலப் பத்தடிமான (0 முதல் 9 வரை) எண்களில்தான் கணக்குப் போட்டது. ஒரே ஓர் இலக்கத்தை வைத்துக்கொள்ள, வட்டமாக இணைத்த பத்து மின்சுற்று நிலைகள் அதற்குத் தேவைப்பட்டன. 0, 1 மட்டுமே கொண்ட இரண்டடிமானத்தில் அந்த இலக்கத்துக்கு நான்கு நிலைகளே போதும், யோசித்துப் பாருங்கள், எவ்வளவு குழாய்கள் மிச்சமாகியிருக்கும்!

இத்தனைக்கும் ஜெர்மானியக் கணித மேதை லைப்னிட்ஸ் 1703-லேயே 0, 1 மட்டும் வைத்துக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் செய்யும் முறையை விளக்கி வெளியிட்டுவிட்டார். ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் 10, அதாவது இந்த இடத்தில் 0 போட்டு அடுத்த இடத்துக்கு 1 கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். வாய்ப்பாடு மனப்பாடம் செய்யவே வேண்டாம். ஆனால் அதற்கேற்ற இயந்திரம் வரத்தான் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஜெர்மனியில் கொன்ராட் சூஸ் 1938-இல் இசட்1 என்ற இரண்டடிமான இயந்திரத்தைப் பெற்றோர் வீட்டிலேயே கட்டி முடித்தார், அப்புறம் 1941-இல் ரிலேக்களால் (மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்சுகளால்) ஆன இசட்3. அவருக்கு இன்னும் அதிகப் புகழ் சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் கிளாட் ஷானன் 1937-இல் முதுகலை ஆய்வேட்டில், உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்புகளை வைத்துக் கணக்குப் போடும் ஜார்ஜ் பூலின் தர்க்க இயற்கணிதத்தை ரிலே சுற்றுகளுக்குப் பொருத்திக் காட்டினார். சுவிட்ச் மூடினால் ஒன்று, திறந்தால் இன்னொன்று, இரண்டே நிலைகள் என்பதால் மின்னழுத்தம் சற்று ஏறி இறங்கினாலும் குழப்பம் வராது. எனியாக்குக்கு அடுத்து அதே குழு திட்டமிட்ட எட்வாக் இரண்டடிமானத்துக்கு மாறிவிட்டது.