பாட்டை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 28. கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. கிடார் வாசித்து, தமிழில் சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடுகிறேன். இரண்டு பாடல்களை ஸ்பாட்டிஃபையில் வெளியிட்டேன். ஒரு வருடத்தில் இரண்டும் சேர்த்து 800 முறைதான் ஓடியிருக்கின்றன. எட்டுப் பாடல்களோடு ஓர் ஆல்பம் போட ஆசை. கையில் ஒன்றரை லட்சம் சேமிப்பு இருக்கிறது. இந்த நேரத்தில் ஒரு சிறிய இசை நிறுவனம், ரெக்கார்டிங் செலவு முழுவதையும் ஏற்பதாகச் சொல்லி ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. எல்லா உரிமைகளும் உலகம் முழுவதற்கும் நிரந்தரமாக அவர்களுக்கு. அடுத்த ஐந்து வருடம் நான் எழுதுவதும் அவர்களுக்கே. மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறார்கள். கஃபேக்களில் பாடப் போனால் சினிமாப் பாட்டுதான் கேட்கிறார்கள். சினிமாவிலேயே வாய்ப்புத் தேடு என்கிறார் அம்மா. கையெழுத்துப் போடலாமா? வேலையை விட்டுவிடலாமா?
- வாசகி, கோவை

பதில்:

அன்புத் தங்கைக்கு,

இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதையெல்லாம் ஆற அமரப் பேசிக்கொள்ளலாம்.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒரு சொத்து. அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு, அதாவது நம் ஆட்கள் ‘மாஸ்டர்’ என்று சொல்வது, இன்னொரு சொத்து. வரியும் மெட்டும் நீங்கள் எழுதிய கணத்திலேயே உங்களுடையவை. எந்த அலுவலகத்திலும் போய்ப் பதிய வேண்டியதில்லை. உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் அந்த உரிமை இருக்கும். மாஸ்டர் கதை வேறு. பாடிவிட்டதால் மட்டுமே அது பாடியவருக்குச் சொந்தமாகிவிடாது. ஒலிப்பதிவைச் செய்ய முன்வந்து அதற்குப் பொறுப்பேற்றவரைத்தான் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் தயாரிப்பாளர் என்கிறது. உரிமையும் அவருக்கே போகிறது. ‘செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று நிறுவனம் அன்பாகச் சொல்லும்போது, மாஸ்டர் அங்கேயே பாதி கைமாறத் தொடங்கிவிடுகிறது. மீதியையும் சேர்த்து வாங்கத்தான் ஒப்பந்தம்.

சட்டம் உங்களை அடியோடு கைவிட்டுவிடவில்லை. 2012-இல் வந்த திருத்தத்தின்படி, பாட்டை எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்களுக்கு வர வேண்டிய ராயல்டிப் பங்கை ஒரு நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுகளுக்கோ, ராயல்டி வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே கொடுக்கலாம். ‘ராயல்டி கோர மாட்டேன்’ என்று எழுதி வாங்கினாலும் அது செல்லாது. இன்னொன்று: உரிமை எத்தனை காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு வந்த ஒப்பந்தம் அந்த இரண்டு இடத்தையும் காலியாக விடவில்லை. ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’ என்ற இரண்டு சொற்கள் அங்கே தற்செயலாக வந்து உட்காரவில்லை.

பங்கு வரும்தானே, பிறகென்ன என்று தோன்றலாம். பங்கு வாங்குவதும் பாட்டின் மேல் அதிகாரம் வைத்திருப்பதும் ஒன்றாகாது. உரிமை முழுவதையும் கொடுத்தபின், உங்கள் பாட்டை எந்த விளம்பரத்தில் போடுவது, எந்தப் படத்துக்குக் கொடுப்பது, அல்லது யாருக்கும் கொடுக்காமல் அலமாரியில் பூட்டி வைப்பது என்பதையெல்லாம் அவர்கள் முடிவு செய்வார்கள். நாற்பது வயதில், குரல் கனிந்தபின், அதே பாட்டை வேறு விதமாகப் பாடி வெளியிட ஆசைப்பட்டாலும் அவர்களிடம்தான் போய்க் கேட்க வேண்டும். எழுதாத பாட்டுகளையும் சேர்த்துக் கேட்பது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. உங்கள் 33 வயது வரை மனதில் வரப்போவதற்கெல்லாம் இன்றைக்கே ரசீது கேட்கிறார்கள்.

நம் ஊரில் சொந்த வரிக்குச் சொந்த மெட்டமைத்து வாய்விட்டுப் பாடியவர்களில் பாரதியை விடப் பெரியவர் யார்? 1921-இல் அவர் மறைந்தபின், அவர் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை கைமாறிக் கைமாறி, 1940-களில் படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. சுதந்திரத்தைப் பாடியவரின் பாட்டைப் படத்தில் பாட, இன்னொருவர் அனுமதி தேவைப்பட்டது. 1949-இல் சென்னை அரசு தலையிட்டு உரிமைகளை எடுத்துக்கொண்டது. செட்டியாரும் பணம் கேட்காமல் விட்டுக்கொடுத்தார். பின்னர் அவை மக்களுக்குப் பொதுவாயின. பாரதிக்காகத் தமிழ்நாடே குரல் கொடுத்தது. நம் பாட்டுக்கு நாம்தான் குரல் கொடுக்க வேண்டும்.

அதற்காக நிறுவனத்தோடு சண்டை வேண்டாம். எதிர் யோசனை ஒன்று அனுப்புங்கள். வரியும் மெட்டும் என்னுடையவை, அவற்றைக் கேட்காதீர்கள். மாஸ்டரும் எனக்கே சொந்தம், அதை மூன்று ஆண்டுக்கு உரிமமாக, அதாவது பயன்படுத்தும் அனுமதியாக மட்டும் தருகிறேன். ஒரு வருடத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமம் ரத்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. வருங்காலப் பாடல்கள் பற்றிய பத்தியை முழுவதுமாக நீக்க வேண்டும். நல்ல நிறுவனமாக இருந்தால் உட்கார்ந்து பேசும். பேசாவிட்டால் அதிலேயே பதில் கிடைத்துவிட்டது.

அப்படியானால் ஆல்பம்? உங்களிடம் இருக்கும் ஒன்றரை லட்சத்தை எட்டுப் பாட்டுக்கும் பிய்த்துப் பிய்த்துப் போடாமல், நாலு பாட்டுக்குப் போடுங்கள். எந்த நாலு என்பதை வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்காதீர்கள். எட்டையும் மேடையில் பாடிப் பாருங்கள். ஒரு பாட்டு எத்தனை வேகத்தில் நிற்க வேண்டும் என்பது ஆள் முன்னால் பாடும்போதுதான் பிடிபடும். மூன்றாவது சரணத்தில் எதிரே இருப்பவர்கள் போனை எடுத்தால் அந்தச் சரணம் வேண்டாம். பாடி முடித்துக் கீழே இறங்கும்போது யாராவது ஒருவர் பல்லவியை முணுமுணுத்துக்கொண்டு போனால், அந்தப் பாட்டுக்குத் தயங்காமல் செலவு செய்யுங்கள். இப்படிப் பழகிய பாட்டு ஸ்டுடியோவில் நேரத்தையும் தின்னாது. அங்கே மணிக்கணக்கில் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது தாளம் தேடுவதைப் போலப் பணத்தைக் கரைக்கும் வேலை வேறில்லை.

டிரம்ஸ், தவில், பறை போன்றவற்றை ஸ்டுடியோவில் வைத்துக்கொள்ளுங்கள். குரலையும் கிடாரையும் வீட்டிலேயே நன்றாகப் பதியலாம். ஒரு சுமாரான கண்டன்ஸர் மைக், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், உடைகள் நிறைந்த பீரோவைத் திறந்து வைத்த ஒரு சிறிய அறை போதும். ஃபேனை நிறுத்த வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும், வியர்க்கும். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் ஓயும் நேரமாகப் பார்த்து, இரவு பதினொன்றுக்குமேல் பாடுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்து, அன்றன்றைக்கே இரண்டு வெவ்வேறு ஹார்டு டிஸ்க்கில் சேமியுங்கள். மிச்சப்படும் பணத்தை மிக்ஸிங்குக்கும் (தனித்தனிப் பதிவுகளைக் கலப்பது) மாஸ்டரிங்குக்கும் (கடைசியாக ஒலியைச் சீர்செய்வது) நல்ல காது உள்ள ஓர் ஆளிடம் கொடுங்கள். சத்தத்தை ஏற்றிக் கொடுக்கச் சொல்லி அவரை நச்சரிக்காதீர்கள். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்து ஒலிக்கச் செய்கின்றன. அடித்து நசுக்கி ஏற்றிய சத்தம் அங்கே இறங்கிவிடும், நசுங்கியது மட்டும் மிஞ்சும்.

உங்களோடு வாசிக்கும் நண்பர்களிடம் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: வரி யாருடையது, மெட்டு யாருடையது, யாருக்கு எத்தனை சதவீதம், மாஸ்டர் யாருடையது. பேஸ் கிடார் வாசிப்பவர் பல்லவிக்கு ஒரு திருப்பம் சொல்லியிருந்தால் அவருக்கு அதில் பங்கு கொடுங்கள், அதையும் எழுதுங்கள். நட்புக்கு நடுவில் தாளா என்று கூச்சமாகத்தான் இருக்கும். பாட்டு ஓடாதபோது யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஓடிய பிறகு கேட்கத் தொடங்கினால் நட்பும் போகும், பாட்டும் முடங்கும்.

இனி அந்த 800. ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் குறைந்தது 1,000 முறை ஓடினால்தான் அதற்குப் பணம் என்பது 2024 முதல் ஸ்பாட்டிஃபையின் விதி. ஆகவே உங்கள் இரண்டு பாட்டுக்கும் அங்கே இப்போதைக்கு ஒரு பைசாவும் வராது. இதைச் சரிக்கட்ட, ‘பத்தாயிரம் ஸ்ட்ரீம் இவ்வளவு ரூபாய்’ என்று வலைவீசும் ஆட்களிடம் போய்விடாதீர்கள். போலி ஸ்ட்ரீம் என்று தெரிந்தால் பாட்டையே நீக்கிவிடக்கூடும். ஓடியது எண்ணூறு முறைதான் என்று சோர்ந்துபோக வேண்டியதும் இல்லை. கேட்டவர்களில் முப்பது பேர் காசு கொடுத்து வாங்கத் தயாராக இருக்கலாம். பேண்ட்கேம்ப் போன்ற இணையதளத்தில் பாட்டை நேரடியாக விற்கலாம். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மீதி உங்களுக்கு.

பாட்டைத் தளங்களுக்கு அனுப்பும் விநியோகச் சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது விதிமுறையை முழுக்கப் படியுங்கள். டிஸ்ட்ரோகிட்டுக்கு ஆண்டுச் சந்தா. கட்டாமல் விட்டால், அதற்கென்று தனியாகப் பணம் கட்டியிராத பாட்டுகள் தளங்களிலிருந்து இறங்கிவிடும். சிடி பேபியில் ஒருமுறை கட்டணம், பிறகு வருமானத்தில் 9 சதவீதம். எதில் போனாலும், ஒவ்வொரு பதிவுக்கும் தரப்படும் பன்னிரண்டு எழுத்து ஐஎஸ்ஆர்சி எண்ணைக் குறித்து வையுங்கள். நாளைக்குச் சேவை மாறினால் அதே எண்ணோடு மாறுங்கள். அப்போதுதான் இதுவரை ஓடிய கணக்கும் பாட்டோடு கூடவே வரும். வரிக்கும் மெட்டுக்கும் ராயல்டி வசூலிக்கும் ஐபிஆர்எஸ் சங்கத்திலும் உறுப்பினராகிவிடுங்கள். 1969 முதல் இருக்கும் சங்கம் அது, தலைமையகம் மும்பை. சினிமாவில் எழுதுபவர்களுக்கு மட்டும் என்று நம்மவர்கள் பலர் நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படியில்லை.

கஃபே விஷயத்தில் உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகவே புரிகிறது. நீங்கள் கண்மூடி மெதுவாக ஒரு வரியைத் தொடங்கும்போது பின்னால் மிக்ஸி கத்தும். ஐந்தாம் மேசையிலிருந்து ‘இளையராஜா பாட்டுப் பாடுங்க’ என்று துண்டுச்சீட்டு வரும். போன உடனே, உங்களை எங்கே உட்காரவைக்கிறார்கள் என்று பாருங்கள். காபி மெஷினுக்கும் வாசலுக்கும் எட்டத்தில் இடம் கேளுங்கள். கிடாரை ஒலியமைப்போடு இணைக்கும் டிஐ பாக்ஸ், கூடுதல் கேபிள், ஒரு செட் கிடார் கம்பி உங்கள் பையிலேயே இருக்கட்டும். அங்கே இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். மூன்று சினிமாப் பாட்டு பாடுங்கள், உங்கள் பாணிக்கு மாற்றிப் பாடுங்கள், அதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் தொடக்கமும் முடிவும் உங்கள் சொந்தப் பாட்டாக இருக்கட்டும். பாட்டுக்கு முன் ஒரே ஒரு வரி சொல்லுங்கள்: இதை எங்கே, எதற்காக எழுதினேன் என்று. பேசிக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேர் அந்த ஒரு வரிக்குத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பணம் பாதி முன்கூட்டியே. ‘எக்ஸ்போஷர் கிடைக்கும்’ என்பவரிடம் சிரித்த முகத்தோடு மறுத்துவிடுங்கள். வெளியூர் என்றால் யார் வந்து அழைத்துப்போவார்கள், எங்கே தங்க வைப்பார்கள், ஷோ முடிந்து எப்படித் திரும்புவது என்பதை எழுத்தில் வாங்காமல் பஸ் ஏறாதீர்கள். இரவு பத்தரைக்குக் கிடார் பையோடு தனியாக ஆட்டோ தேட வேண்டிய நிலை ஒரு பெண்ணுக்கு வரவே கூடாது. இதைக் கேட்பதால் ‘ஓவரா பண்றாங்க’ என்று யாராவது சொன்னால், அந்த மேடை உங்களுக்கு வேண்டாம்.

தமிழில் சினிமாவுக்கு வெளியே கேட்க ஆள் இருக்கிறதா என்ற சந்தேகம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. 2018 ஜனவரியில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு சென்னையில் முதல் மேடை ஏறியபோது, கானாவும் பறையும் ராக்கும் ராப்பும் கலந்த புதிய பாட்டுகளைக் கேட்கத்தான் அத்தனை கூட்டம் வந்து நின்றது. 2015-இல் சென்னையின் மீனவர் பகுதியான ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கடலோரத்தில் இசை விழா நடத்தத் தொடங்கியபோது, சபா வாசலைப் பார்த்தே இராதவர்களும் உட்கார்ந்து கேட்டார்கள். ஆள் இருக்கிறார்கள். கஃபேயில் மட்டும் தேடினால் கண்ணில் படமாட்டார்கள். கல்லூரி, புத்தகக் கடை, நூலகம், நண்பர் வீட்டு மொட்டை மாடி என்று தேடுங்கள். நாற்பது நாற்காலி போட்டு, நூறு ரூபாய் டிக்கெட் வைத்து, ஒன்றரை மணி நேரம் உங்கள் பாட்டை மட்டும் பாடும் ஒரு மாலை, பத்து கஃபே ஷோவுக்குச் சமம் என்பது என் உறுதியான எண்ணம்.

அம்மா சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். பின்னணி பாடக் கூப்பிட்டால் போய்ப் பாடுங்கள்; அது மரியாதையான தொழில், மைக் முன்னால் நிற்கும் பயிற்சியும் கிடைக்கும். அங்கே நீங்கள் அடுத்தவர் மெட்டைப் பாடுகிறீர்கள் என்பது மட்டும் நினைவில் இருந்தால் இரண்டும் இடிக்காது.

வேலையை இப்போது விட வேண்டாம். பாட்டிலிருந்தும் மேடையிலிருந்தும் வரும் பணம் ஒரு வருடம் தொடர்ந்து வீட்டு வாடகையையாவது தாங்கட்டும், அப்போது யோசிக்கலாம். மாதச் சம்பளம் வருவதால்தான் இப்படி ஒரு ஒப்பந்தத்தை வேண்டாமென்று திருப்பி அனுப்பும் தெம்பு உங்களிடம் இருக்கிறது. அந்தத் தெம்பை நீங்களாகவே இழந்துவிடாதீர்கள்.

மாதக் கடைசி என்று அவர்கள் வைத்த கெடுவுக்குப் பதறாதீர்கள். உரிமை வாய்ப்பேச்சில் கைமாறாது, எழுத்தில் உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். போனில் எதற்கும் தலையாட்டாமல், உங்கள் எதிர் யோசனையை மின்னஞ்சலில் அனுப்புங்கள். திருத்திய ஒப்பந்தம் வந்தால், பதிப்புரிமை வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் கட்டணம் கொடுத்தாவது படிக்கச் சொல்லுங்கள். ஒன்றரை லட்சத்தில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.