செவுத்துல வெடிப்பு, பழி டனல் மேல

கேள்வி: அண்ணே, டர்பன்ல இருந்து ஜோபர்க்குக்கு (ஜோஹன்னஸ்பர்க்) மாறி வர்றோம். ரோஸ்பேங்க் பக்கம் ஒரு வீடு பார்த்தோம், விலை ஒத்துவருது, ஆனா ஹால்ல ஜன்னல் மூலையில இருந்து சாய்வா ஒரு வெடிப்பு ஓடுது. கேட்டா, கீழ கௌட்ரெயின், அந்த வேக ரயிலோட டனல் போகுதுல்ல அதான்னு வீட்டுக்காரம்மா சொல்றாங்க. தினம் ரயில் ஓட ஓட வீடு இறங்கிக்கிட்டே போகாதா?

பதில்: தம்பி, டனல் மேல பழி போடுறது சுலபம், அது வாய் திறந்து பதில் பேசாது பாருங்க. ரயில் ஓடுறதால மண்ணு இறங்குறதில்ல, தோண்டுறதாலதான் இறங்கும். டனல் தோண்டுற மெஷின் வெட்டுற ஓட்டை உள்ள மாட்டுற கான்கிரீட் வளையத்தவிட கொஞ்சம் பெருசா இருக்கும், அந்த சந்துக்குள்ள மண்ணு நகரும், மெஷின் மூஞ்சிப் பக்கமும் கொஞ்சம் உள்ள வரும், இப்படி கூடுதலா வர்ற மண்ணு ஒழுங்கா நடக்குற வேலையில டனல் கொள்ளளவுல நூத்துக்கு ஒண்ணு அளவுல இருக்கும். அது மேல தெரியும்போது குழியா தெரியாது, கவுத்துப்போட்ட மணி மாதிரி ஆழமில்லாத பள்ளமா தெரியும். 1969ல ரால்ஃப் பெக்னு ஒரு இன்ஜினியர் சொன்ன வளைவு இது, இன்னிக்கும் முதல் கணக்குக்கு அதத்தான் எடுக்கிறோம்.

களிமண்ணுல 20 மீட்டர் ஆழத்துல 6 மீட்டர் டனல்னு வெச்சுக்கங்க, நேர் மேல இறங்குறது 11 மில்லிமீட்டர் வரும், ரெண்டு பக்கமும் 25, 30 மீட்டர் தாண்டினா ஒண்ணுமே இருக்காது. 11 மில்லிமீட்டர் பெரிய விஷயமான்னா, மொத்த வீடும் ஒண்ணா இறங்கினா டீ டம்ளர் கூட ஆடாது. ஒரு மூலை மட்டும் இறங்கும்போதுதான் வம்பு. 300க்கு 1, அதாவது 6 மீட்டர் செவுத்துல ரெண்டு முனைக்கும் 20 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தா பூச்சு கிழிய ஆரம்பிக்கும்.

உங்க ஏரியாவுல இன்னொரு கதை இருக்கு. கௌட்ரெயின் டனல்ல முக்கால்வாசி பாறைக்கு வெடிவெச்சு தோண்டினது, ரோஸ்பேங்க்ல இருந்து தெக்கே சுமார் 3 கிலோமீட்டருக்கு மட்டும் மெஷின் விட்டாங்க, ஏன்னா அங்க மண்ணும் தண்ணியும் ஜாஸ்தி. மெஷினுக்கு இம்போகோடோன்னு பேரு, ஸூலு பாஷையில அரைக்கிற கல்லுன்னு அர்த்தம், நம்ம குழவிக்கல்லேதான்! 2011 ஆகஸ்ட்ல பிரிட்டோரியா வரைக்கும் ரயில் விட்டும் ரோஸ்பேங்க்–பார்க் ஸ்டேஷன் துண்டு 2012 ஜூன் வரைக்கும் திறக்கல, டனலுக்குள்ள தண்ணி அளவுக்கு மேல ஊறுதுன்னு. மண்ணுல இருந்து தண்ணி வடிஞ்சா மண்ணு மெதுவா நெருங்கி உக்காரும், அது மாசக்கணக்குல, சில சமயம் வருஷக்கணக்குல இழுக்கும். ஆனா ரயில் ஓட ஆரம்பிச்சு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு தம்பி, இப்ப புதுசா விட்ட வெடிப்புக்கு அது காரணம்னா நான் நம்ப மாட்டேன்.

வெடிப்புக்குள்ள டார்ச் அடிச்சு பாருங்க. உள்ள பழைய பெயிண்ட், தூசி இருந்தா பழசு. அப்புறம் வெடிப்புக்கு குறுக்க ஒரு மெல்லிசான கண்ணாடித்துண்ட ரெண்டு முனையிலயும் ஒட்டி, பென்சில்ல தேதி எழுதுங்க. வீடு நகர்ந்தா கண்ணாடி உடையும். வெடிப்போட அகலம் 1 மில்லிமீட்டருக்குள்ளனா பெயிண்டர் வேலை, 5 தாண்டினா இன்ஜினியர கூப்பிடுங்க, 15 தாண்டினா விலைய மறந்துட்டு வேற வீடு பாருங்க. எனக்கென்னமோ இது மழைநீர்க் குழாய் வேலைன்னு தோணுது, அந்த மூலைக்கு வெளிய தண்ணி எங்க போய் விழுதுன்னு பாருங்க.

கேள்வி: ஜோபர்க் பக்கம் லெனேசியாவுல எங்க வீட்டு பின்பக்க சிமெண்ட் தரை உள்வாங்குது, தட்டினா டொக்கு டொக்குனு சத்தம் வருது. அடியில யாராச்சும் டனல் தோண்டுறாங்களா?

பதில்: அக்கா, மீதிய அப்புறம் படிங்க, முதல்ல அந்தப் பக்கம் புள்ளைங்கள விடாதீங்க, மெயின் தண்ணி வால்வ மூடுங்க, முனிசிபாலிட்டிக்கு போன் போடுங்க. உங்க ஊருல நிறைய இடம் டோலமைட் பாறை மேல இருக்கு. மழைத்தண்ணி அதக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு பொந்தாக்கும், மேல ஒரு குழாய் லீக்கானா போதும், மண்ணு அந்தப் பொந்துக்குள்ள இறங்கிக்கிட்டே இருக்கும், தரை மட்டும் கூரை மாதிரி நிக்கும். டனல் பள்ளம் மில்லிமீட்டர்ல வரும், இது திடீர்னு மொத்தமா உள்ள விழும். 1962 டிசம்பர்ல இதே மாதிரி டோலமைட் மேல இருந்த வெஸ்ட் டிரைஃபோன்டெய்ன் தங்கச்சுரங்கத்துல நிலத்தடி தண்ணிய இறைச்சதுல கல் உடைக்கிற கட்டடத்தையே பூமி விழுங்கி 29 பேர் செத்தாங்க.

கேள்வி: சென்னையில என் தங்கச்சி வீட்டுக்கு கீழ மெட்ரோ மெஷின் வரப்போகுதாம். பயந்துபோய் தினம் போன் பண்றா, என்ன சொல்ல?

பதில்: பயப்படாம போட்டோ எடுக்கச் சொல்லுங்க. மெஷின் வர்றதுக்கு முன்னாடியே ஒவ்வொரு செவுரும் ஒவ்வொரு வெடிப்பும், பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு, தேதியோட. பின்னாடி நஷ்டஈடு கேக்க அது நல்ல சாட்சி. மெஷின் முன்னாடி இருக்குற மண்ணுக்கு ஒழுங்கா அழுத்தம் கொடுத்து ஓடினா அவளுக்கு தெரியவே தெரியாது. 2019 ஆகஸ்ட்ல கொல்கத்தா பவுபஜார்ல வீடுங்க இடிஞ்சதுக்கு காரணம் மெஷின் நிலத்தடி நீர் இருக்குற இடத்துல மாட்டி தண்ணி மண்ணையும் சேத்து உள்ள இழுத்ததுதான், அதனால தெருவுல சேறு கலந்த தண்ணி கிளம்பினா உடனே வெளிய வந்துடணும்.

இன்னொண்ணு, விடியக்காலையில சர்வே பசங்க வந்து செவுத்துல மினுக்கு ஸ்டிக்கர் ஒட்டினா விரட்ட வேணாம்னு சொல்லுங்க. அத வெச்சுத்தான் வீடு எவ்வளவு இறங்குதுன்னு அளப்பாங்க. நான் டனல் வேலையில இருந்தப்போ ஒரு பையன் அந்த ஸ்டிக்கர உரிச்சு சைக்கிள் மட்கார்டுல ஒட்டிக்கிட்டான், அந்த வீட்டு ரீடிங் ஏன் வரலன்னு நாங்க ஆபீஸ்ல ரெண்டு நாள் மண்டைய பிச்சுக்கிட்டோம்.